தாலி கட்டும்போது கை நடுங்கினால்?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி பயத்தைப் பற்றியவை. பாளையங்கோட்டையில் 24 வருஷமாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். என் அறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் "எனக்குத் தைரியமே இல்லம்மா" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் தைரியத்தைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. பயம் வருவதற்கு ஒரு நொடி முன்னால் மனசுக்குள் என்ன ஓடியது என்றுதான் கேட்பேன். நான்கு கடிதங்களை எடுத்துக்கொண்டேன். எழுதியவர்களை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 29 வயது. சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு கிராமம். வண்ணார்பேட்டையில் ஒரு டைல்ஸ் கடையில் கணக்கு எழுதுகிறேன். நாலு வருஷத்துக்கு முன் அக்கா கல்யாணத்தில், மறுவீட்டுப் பந்தியில் என்னைச் சொதி ஊற்றச் சொன்னார்கள். வாளி கனம், கொதிக்கக் கொதிக்க இருந்தது. ஒரு பெரியவர் இலைக்கு ஊற்றும்போது கை நடுங்கி அவர் வேட்டியில் கொட்டிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து இலைக்காரர், "என்னடே, கை இந்த ஆட்டம் ஆடுது? ராத்திரி ஊத்தியாச்சோ?" என்றார். வரிசையே சிரித்தது. நான் குடிப்பதே இல்லை.

அதிலிருந்து நாலு பேர் முன்னால் கையால் ஒரு காரியம் செய்ய முடியவில்லை. டீக்கடையில் டம்ளரை ரெண்டு கையாலும் பிடித்து, சுவர்ப்பக்கம் திரும்பி நின்று குடிக்கிறேன். பேங்குக்குக் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போகிறேன். முதலாளி பக்கத்தில் வந்து நின்றால் பில் எழுத வராது. கல்யாண வீடுகளுக்குத் தம்பியிடம் மொய் கொடுத்து அனுப்பிவிடுவேன். வருகிற தை மாதம் எனக்கே கல்யாணம். ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு நாற்காலிக் காலில் மஞ்சள் கயிறு கட்டிப் பார்க்கிறேன். முடிச்சு அழகாக விழுகிறது, கை ஆடவே இல்லை. மண்டபத்தை நினைத்தால் மட்டும் ஒரு காட்சி வருகிறது. 800 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், வீடியோ லைட் அடிக்கிறது, என் கை உதறுகிறது, 'குடிகார மாப்பிள்ளை' என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். முடிச்சு மூன்றையும் அக்காவையே போடச் சொல்லலாமா? "ஒரு குவார்ட்டர் போட்டுக்கோ, கை நின்னுரும்" என்கிறான் நண்பன். கல்யாணத்தையே நிறுத்திவிடலாமா என்றும் தோன்றுகிறது.

பதில்: தம்பி, கல்யாணத்தை நிறுத்த வேண்டாம். நண்பர் சொன்னதையும் செய்ய வேண்டாம். குடி கையைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கும், இறங்கும்போது முன்னைவிட அதிகமாக ஆட்டும். சபைக்கூச்சத்துக்கு மருந்தாகக் குடிக்க ஆரம்பித்து, கடைசியில் குடிக்கு வைத்தியம் தேடி வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

முதலில் ஒரு டாக்டரைப் பார்த்துத் தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ஆஸ்துமா இன்ஹேலர் எடுத்தாலும், காபி டீ மிஞ்சினாலும் கை நடுங்கும். ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தருவது அந்த நாற்காலிக் கால்தான். தனியாக இருக்கும்போது ஆடாத கை ஆள் வந்ததும் ஆடுகிறது. அப்படியானால் ஆள் வந்ததும் மனசில் என்ன ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்.

அந்தப் பந்திக்குத் திரும்பிப் போவோம். கனமான வாளி, அவசரம், வரிசையாக இலைகள். சொதி சிந்தியது. ஒருவர் கேலி பேசினார், சிலர் சிரித்தார்கள். நடந்தது இவ்வளவுதான். மிச்சம் உள்ளதெல்லாம் அன்று ராத்திரி படுத்துக்கொண்டு நீங்கள் எழுதிச் சேர்த்தது. 'என் கை ஆடும். ஆடினால் எல்லோரும் பார்ப்பார்கள். பார்த்தால் குடிகாரன் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.' மூன்று வாக்கியம். நாலு வருஷமாக மூன்றும் ஒரே மூச்சில் ஓடிப் பழகிவிட்டதால் இப்போது அவை உங்களுக்கு நினைப்பாகவே தெரிவதில்லை, வெறும் பயமாகத் தெரிகிறது. ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960-களில் தன்னிடம் வந்தவர்களிடம் இதைத்தான் கவனித்தார். ஒரு நிகழ்ச்சிக்கும் அதனால் வருகிற உணர்ச்சிக்கும் நடுவில் ஒரு நினைப்பு மின்னல் மாதிரி ஓடிப் போகிறது, நாம் அதைப் பிடித்து நிறுத்திப் பார்ப்பதில்லை என்றார். 'தானாக ஓடும் எண்ணங்கள்' என்று அவற்றுக்குப் பெயரும் வைத்தார்.

மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள். கை ஆடும் என்பது சில சமயம் உண்மை. எல்லோரும் பார்ப்பார்கள் என்பது பாதிகூடத் தேறாது. மூன்றாவதற்கு உங்களிடம் இருக்கும் சாட்சி ஒரே ஒரு ஆள், அதுவும் சொதிக்கும் இஞ்சித் துவையலுக்கும் நடுவில் அவர் விட்ட ஒரு கேலி. அவருக்கு அது அன்றைக்கே மறந்திருக்கும். பந்தியில் உட்கார்ந்து பரிமாறுகிற பிள்ளைகளைக் கேலி பேசும் பெரியவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து ஒரு நிமிஷம் யோசியுங்கள். உங்கள் வாயிலிருந்து விளையாட்டாக வந்த ஒரு வார்த்தை ஒரு பையனை நாலு வருஷம் கல்யாண வீடுகளுக்குப் போகவிடாமல் செய்திருக்கிறது.

எல்லோரும் பார்ப்பார்கள் என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் உடனிருந்தவர்களும் செய்த சோதனை 2000-ல் வெளிவந்தது. போட்டுக்கொள்ளவே கூச்சப்படும்படி ஒரு பாடகர் படம் போட்ட டீ-சர்ட்டை ஒரு மாணவருக்கு மாட்டி, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டால், சட்டை போட்டிருந்தவர்கள் கிட்டத்தட்டப் பாதிப் பேர் என்றார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிக்கும் குறைவு. அமெரிக்க அறையை விடுங்கள், கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் நம்மூர் மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். யாரோ அட்சதைத் தட்டை நீட்டிக்கொண்டு வருவார்கள், பாதிப் பேர் தன் கைக்கு வந்துசேருமா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பின்வரிசைக்காரர்களுக்குத் தெரிவது வீடியோக்காரர் முதுகு. பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறி நிற்கும், அம்மாமார் அதுகளைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். சிலர் பந்தியில் இடம்பிடிக்க அதற்குள் நகர்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் உங்கள் விரலை உற்றுப் பார்க்கும் ஆள் நீங்கள்தான்.

அதுதான் அடுத்த சிக்கல். போன தடவை டீ குடித்தீர்களே, கடைக்காரர் என்ன கலர் சட்டை போட்டிருந்தார்? பக்கத்தில் யார் நின்றார்கள்? உங்களுக்கு ஞாபகம் இருக்காது. கவனம் முழுக்க விரலில் இருந்திருக்கும். டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இங்கிலாந்து உளவியலாளர்கள் 1995-ல் இதைத் தெளிவாக எழுதினார்கள். சபையில் பயம் வந்ததும் மனசு வெளியே பார்ப்பதை விட்டு உள்ளே திரும்பிவிடுகிறது. உள்ளே உணருகிற படபடப்பை வைத்து, 'வெளியே நான் இப்படித்தான் தெரிகிறேன்' என்று ஒரு படம் வரைந்துகொள்கிறது. நீங்கள் எழுதிய மண்டபக் காட்சியை மறுபடி படியுங்கள். அது மணையில் உட்கார்ந்திருக்கிற உங்கள் கண்ணுக்குத் தெரியும் காட்சி இல்லை. எதிரே நின்று யாரோ உங்களைப் பார்க்கிற காட்சி. உங்களை நீங்களே எதிரே நின்று எப்போது பார்த்தீர்கள்? நெஞ்சு அடித்த வேகத்தை வைத்து வரைந்த படம் அது, தம்பி.

சரி, நினைப்பு தப்பு என்றால் நாலு வருஷத்தில் அது தானாகத் திருந்தியிருக்க வேண்டாமா? என்னிடம் நிறையப் பேர் இதைக் கேட்பார்கள், சரியான கேள்வி. ரெண்டு கையாலும் டம்ளரைப் பிடிக்கிறீர்களே, அது திருந்தாமல் தப்பிப்பது அங்கேதான். டீ சிந்தாமல் குடித்து முடித்ததும் மனசு என்ன கணக்கு எழுதும்? 'ரெண்டு கையாலும் பிடித்தேன், தப்பித்தேன்.' ஒரு கையால் பிடித்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்ற வரவு அந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை. சுவர்ப்பக்கம் திரும்புவது, கூட்டம் இல்லாத நேரம் பார்ப்பது, தம்பியிடம் மொய் கொடுத்தனுப்புவது எல்லாம் இதே வகை. அதோடு, இறுக்கிப் பிடித்தால் கை இன்னும் நடுங்கும். இப்போதே ஒரு பேனாவை முழு பலத்தோடு இறுக்கிப் பிடித்து, கையை நீட்டி ஒரு நிமிஷம் வைத்துப் பாருங்கள். நடுக்கத்தை மறைக்கச் செய்கிற வேலையே நடுக்கத்தைக் கூட்டிவிடுகிறது. மூன்று முடிச்சையும் அக்காவிடம் கொடுப்பது இந்த வரிசையில் கடைசிப் படி. அதைச் செய்தால், 'நான் கட்டியிருந்தால் மானம் போயிருக்கும்' என்ற நினைப்பையும் சேர்த்துத்தான் வீட்டுக்குக் கூட்டிப்போவீர்கள். முதல் முடிச்சை நீங்கள் போடுங்கள். வழக்கப்படி மற்ற இரண்டையும் அக்கா போடட்டும்.

தைக்கு நாள் இருக்கிறது. தம்பியிடம் போனைக் கொடுத்து, நீங்கள் செம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றுவதையும் ஒரு தாளில் பத்துக் கையெழுத்துப் போடுவதையும் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். சொந்தக்காரர்கள் இரண்டு மூன்று பேர் பக்கத்தில் நிற்கட்டும். வீடியோவைப் பார்ப்பதற்கு முன்னால், கை எவ்வளவு ஆடியிருக்கும் என்று நூற்றுக்கு ஒரு மார்க் எழுதி மடித்து வையுங்கள். பிறகு யாரோ ஒரு பையனைப் பார்ப்பது போல வீடியோவைப் பார்த்து மறுபடி மார்க் போடுங்கள். என் அறையில் இதைச் செய்தவர்களில், இரண்டாவது மார்க் முதலாவதைவிடக் கூடுதலாக வந்தவர் ஒருவரைக்கூட நான் இன்னும் பார்க்கவில்லை.

அடுத்து, தெரிந்தவர்கள் பத்துப் பேரிடம், "தாலி கட்டும்போது மாப்பிள்ளை கை நடுங்கினா என்ன நினைப்பீங்க?" என்று பொதுவாகக் கேட்டு, பதிலை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இதை எழுதுவதற்கு முன்னால் நானே ஆறு பேரிடம் கேட்டேன். "படபடப்பா இருக்காதா பின்னே" என்றார் பூக்கார அம்மா. "காலையிலே இருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டான், பசியா இருக்கும்" என்றார் பால்காரர். என் மாமியார், "உங்க மாமாவுக்குக் கை மட்டுமா ஆடிச்சு, காலும்லா ஆடிச்சு" என்று சொல்லிவிட்டு, செத்துப்போன மனுஷரை நினைத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ஆறு பேரில் யாரும் குடியைப் பற்றிச் சொல்லவில்லை. உங்கள் பத்துப் பேரில் ஒருவர் சொன்னாலும் சொல்லலாம். சொன்னால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள், பத்தில் ஒன்று என்று.

இதற்கடுத்தது கஷ்டமானது. கூட்டமான நேரத்தில் பேங்குக்குப் போய், பணம் கட்டும் செலானைக் கவுண்டர் முன்னாலேயே நின்று, வேண்டுமென்றே கையை ஆட்டி எழுதுங்கள். எழுதிவிட்டு எதிரே இருப்பவர் முகத்தைப் பாருங்கள். அவர் தொகையைப் பார்ப்பார், நோட்டை எண்ணுவார், சீல் குத்துவார், அடுத்த ஆளைக் கூப்பிடுவார். டீக்கடையில் ஒரு கையால் டம்ளரைப் பிடித்துக் கொஞ்சம் சிந்த விடுங்கள். முதல் தடவை உயிர் போகிற மாதிரி இருக்கும். நாலைந்து தடவைக்குப் பிறகு சலிப்பு வரும். சலிப்பு வரும் வரை செய்யுங்கள். ராத்திரி படுத்துக்கொண்டு அன்றைக்கு யார் யார் எப்படிப் பார்த்தார்கள் என்று விசாரணை நடத்துவதை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த விசாரணையில் உங்களுக்குச் சாதகமான சாட்சியை நீங்கள் கூப்பிடுவதே இல்லை.

அப்புறம், பேசி முடித்திருக்கும் பெண்ணிடம், "எனக்குச் சபையில கை நடுங்கும்" என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பிள்ளையும் அதே 800 பேர் முன்னால் தலைகுனிந்து உட்காரப்போகிறது. அதற்கும் ஏதாவது ஒரு பயம் இருக்கும்.

இவ்வளவும் தனியாகச் செய்ய முடியவில்லை என்றால் நேரில் ஒரு ஆலோசகரைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் உறவையும் தடுக்கிற அளவுக்குப் போனால் இதைச் சமூகப் பதற்றக் கோளாறு என்போம். நன்றாகக் குணமாகிற ஒன்று. மனநல மருத்துவர் தேவைப்பட்டால் மாத்திரையும் தருவார். நடுக்கம் நிற்க என்று வேறு யாராவது தன் மாத்திரையை நீட்டினால் வாங்கிப் போடாதீர்கள், அவற்றில் சில ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆபத்து.

கேள்வி: எனக்கு 38 வயது. திருநெல்வேலி டவுனில் வீடு, பாளையங்கோட்டையில் தையல் கடையில் வேலை. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, ஆனால் தாமிரபரணி ஆறு போன போக்கைப் பார்த்தேன். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் பஸ் ஆற்றுப்பாலத்து மேல் டிராஃபிக்கில் நின்றது. கீழே பார்த்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது, மூச்சு முட்டியது, கண் இருட்டியது. பாலமே ஆடியது. இறங்கி ஜங்ஷனுக்கே திரும்பி நடந்துவிட்டேன். அதிலிருந்து பஸ் ஏறுவதில்லை. வீட்டுக்காரர் பைக்கில் கொண்டுவிடுகிறார். பாலம் வந்ததும் அவர் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, கண்ணை மூடி 'முருகா முருகா' என்பேன். இது மனநோயா?

பதில்: தங்கச்சி, பயப்படாதீர்கள். ஃபோபியா என்று சொல்வது இதைத்தான். குறுக்குத்துறை முருகன் கோயில் வெள்ளத்தில் மூழ்கி எழுவதைப் பார்த்துப் பழகிய ஊர்தான் இது, என்றாலும் அந்த டிசம்பர் 17, 18 எல்லோரையும் உலுக்கிவிட்டது. அந்தப் பயம் பாலத்தில் வந்து ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. வெள்ளமே கனவில் திரும்பத் திரும்ப வந்தாலோ, மழைச் சத்தம் கேட்டாலே பதறினாலோ அது வேறு விஷயம், நேரில் வாருங்கள். இதயத்தையும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அன்று பஸ்ஸில் நடந்ததைக் கிட்டத்தில் பார்ப்போம். பக்கத்தில் லாரி போனால் எந்தப் பாலமும் லேசாக அதிரும். அதனால் நீங்கள் உணர்ந்தது பொய் இல்லை. 'ஆடுகிறது, விழப்போகிறது' என்று அடுத்த நொடியில் மனசு சேர்த்துக்கொண்டதே, பயம் அங்கே பிறந்தது. பயத்தில் நெஞ்சு அடித்தது. 'இப்படி அடித்தால் மயங்கி விழுந்துவிடுவேன்' என்று இன்னொன்றைச் சேர்த்தீர்கள், அது இன்னும் வேகமாக அடித்தது. வேகவேகமாக மூச்சு வாங்கினால் தலை சுற்றும், கண் மங்கும். மயக்கம் வருவது ரத்த அழுத்தம் இறங்கும்போது. பயத்தில் படபடக்கும்போது அது ஏறுகிறது. அன்று நீங்கள் மயங்கவில்லை, ஜங்ஷன் வரை நடந்தே போயிருக்கிறீர்கள். அதை நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

'எனக்குப் பயமாக இருக்கிறது, அப்படியானால் ஆபத்து இருக்கிறது' என்று மனசு தலைகீழாகக் கணக்குப் போடுகிறது. சுலோச்சன முதலியார் தன் கைக்காசைப் போட்டுக் கட்டிய பாலம் 1843-லிருந்து அங்கே நிற்கிறது, 2023 வெள்ளத்துக்குப் பிறகும் அதன் மேல் பஸ் ஓடுகிறது என்று நான் சொல்லலாம். இதெல்லாம் உங்களுக்கே தெரியும், தெரிந்தும் பயம் போகவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நீங்கள் கண்ணையே மூடிக்கொள்கிறீர்கள், அப்புறம் அது பேய் இல்லை என்று எப்படித் தெரியும்? முருகனைக் கண்ணைத் திறந்துகொண்டு கும்பிடுங்கள். பாலத்தின் மேல் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கூப்பிடலாம்.

1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, முயலைக் கண்டாலே அலறிய ஒரு சின்னப் பையனின் பயத்தைப் போக்கினார். பையன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கூண்டில் முயலைத் தூரத்தில் வைத்தார். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் பையன் முயலைத் தடவிக் கொடுத்தான். நாமும் அப்படித்தான் போக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வாகனம் குறைவாக இருக்கும்போது, வீட்டுக்காரரோடு போய்ப் பாலத்தின் முனையில் நில்லுங்கள். போவதற்கு முன்னால் 'என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்' என்பதை நோட்டில் எழுதுங்கள். 'மயங்கி விழுவேன், நூற்றுக்கு 80' என்று எழுதுவீர்களோ என்னவோ. பயம் உச்சிக்கு ஏறும்போது திரும்பி ஓடாமல், அது பாதியாக இறங்கும் வரை அங்கேயே நில்லுங்கள். திரும்பி வந்து, நடந்ததை எழுதுங்கள். அடுத்த வாரம் முதல் வளைவு வரை, அப்புறம் நடுப்பாலம், அப்புறம் அவர் முனையில் நிற்க நீங்கள் மட்டும், அதற்குப் பிறகு பஸ். இடையில் ஒரு நாள் பயம் கூடினால், முந்தின படியில் இன்னும் ரெண்டு வாரம் இருங்கள்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். நர்சிங் சேர ஆசை. ஆனால் ரத்தம் பார்த்தாலோ ஊசி போட்டாலோ மயங்கி விழுந்துவிடுகிறேன். கோழை என்கிறான் அண்ணன்.

பதில்: அண்ணனுக்கு இதைப் படித்துக் காட்டும்மா. பயத்தில் ரத்த அழுத்தம் ஏறும், அதனால் மயக்கம் வராது என்று மேலே எழுதினேன். ஊசிக்கும் ரத்தத்துக்கும் பயப்படுகிறவர்களில் நிறையப் பேருக்கு அது தலைகீழ். முதலில் ஏறிவிட்டுச் சட்டென்று இறங்கும், ஆள் விழுவார். உடம்பு அப்படி, அதில் கோழைத்தனம் எதுவும் இல்லை. குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் உண்டு, வீட்டில் கேட்டுப் பார். சுவீடனைச் சேர்ந்த லார்ஸ் யோரான் ஓஸ்ட் 1980-களில் இதற்கு ஒரு எளிய பயிற்சி சொன்னார். கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து நொடி நன்றாக இறுக்கு, முகத்தில் சூடு ஏறுவது தெரியும். பிறகு அரை நிமிஷம் சாதாரணமாக விடு. ஐந்து தடவை. தினமும் பழகிக்கொண்டு, ஊசி போடும்போது மற்றக் கையையும் காலையும் இறுக்கு. விழாமல் ஒரு ஊசி போட்டுக்கொண்டாலே 'நான் எப்பவும் விழுவேன்' என்ற நினைப்பு ஆட்டம் காணும். நர்சிங்குக்கு விண்ணப்பம் போடு.

கேள்வி: அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதுகிறேன். மகள் ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் வாயாடி, வெளியே வாயே திறப்பதில்லை. வகுப்பில் எழுந்து படிக்க வேண்டிய நாளில் வயிற்றுவலி என்கிறாள். விருந்தாளி வந்தால் அறைக்குள் போய்விடுவாள். ஹோட்டலில் வேண்டியதை என் காதில் சொல்வாள், நான் சர்வரிடம் சொல்வேன். பொம்பளைப் பிள்ளை அடக்கமாக இருப்பது நல்லதுதானே என்கிறார் மாமியார். விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள் அம்மா. அடக்கம் அவளாகத் தேர்ந்தெடுத்ததாக இருந்தால் வயிற்றுவலி வராது. சபைப் பயம் பெரும்பாலும் 13, 14 வயதையொட்டித்தான் தலைகாட்டும். மற்றவர் கண்ணில் நாம் எப்படித் தெரிகிறோம் என்று மனசு கேட்க ஆரம்பிக்கிற வயசு அது.

எனக்கு இது புத்தகத்தில் படித்தது மட்டும் இல்லை. பத்தாம் வகுப்பில் எழுந்து பாடம் படிக்கும்போது என் குரல் கீச்சென்று உடைந்தது, வகுப்பு சிரித்தது. அதிலிருந்து வரிசையாகப் படிக்கச் சொன்னால், எனக்கு முன்னால் எத்தனை பேர், எனக்கு எந்தப் பத்தி வரும் என்று விரல் விட்டு எண்ணுவேன். அந்தப் பத்தியை மட்டும் மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பேன். மற்றப் பிள்ளைகள் படித்த ஒரு வரிகூடக் காதில் ஏறாது. என் முறைக்கு ரெண்டு பேர் முன்னால் 'டீச்சர், பாத்ரூம்' என்று எழுந்துவிடுவேன். அந்தக் கதவுக்குப் பின்னால் நின்று மூச்சு விடும்போது வருகிற நிம்மதி இருக்கிறதே, அந்த நிம்மதிதான் என்னைக் கல்லூரி முடியும் வரை பேசவிடாமல் கட்டிப்போட்டது. பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் கூடப் படித்தவளைப் பார்த்தபோது அந்த நாளைப் பற்றிக் கேட்டேன். அவளுக்கு ஞாபகம் இருந்தது. "உனக்கு அன்னைக்குத் தொண்டை கட்டியிருந்துச்சுல்லா?" என்றாள்.

உங்கள் மகளுக்கு அந்த பாத்ரூம் கதவு, உங்கள் காது. அன்பால்தான் சர்வரிடம் நீங்கள் சொல்கிறீர்கள், ஆனால் 'என்னால் முடியாது, அம்மாவுக்கும் அது தெரியும்' என்று அவள் அதை எடுத்துக்கொள்கிறாள். "நாலு பேரு என்ன சொல்லுவாவ" என்று வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறீர்கள் என்பதையும் ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் அந்த நாலு பேரை மனசுக்குள் குடிவைத்துக்கொள்கிறார்கள்.

விருந்தாளி முன்னால் இழுத்து வந்து "பேசு, பேசு" என்று நிறுத்தாதீர்கள், மேடையிலும் ஏற்றாதீர்கள். டீச்சரைத் தனியாகப் பார்த்து, முதல் வாரம் ஒரே ஒரு வரி படிக்கச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். அவளிடம் ராத்திரி பேசும்போது "ஏன் பயப்படுதே?" என்று கேட்க வேண்டாம், அதற்கு அவளிடம் பதில் இருக்காது. "எழுந்து படிச்சா என்ன நடக்கும்னு நினைக்கே?" என்று கேளுங்கள். பதில் வரும், வரும்போது சிரிக்காமல் கேளுங்கள். உதவி வேண்டும் என்றால் டெலி மானஸ் எண் 14416. 2022-ல் மத்திய அரசு ஆரம்பித்த சேவை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது.

அடுத்த தடவை ஹோட்டலில் அவள் உங்கள் காதருகே வந்தால், "சர்வர் வரட்டும், நீயே சொல்லு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைக் குடியுங்கள். அவர் வந்து நிற்கிற பத்து நொடி உங்களுக்குத்தான் பெரிய நீளமாக இருக்கும். வாயைத் திறக்காதீர்கள். குரல் மெதுவாகத்தான் வரும், அவர் "என்னம்மா?" என்று திரும்பவும் கேட்பார். ரெண்டாவது தடவையும் அவளே சொல்லட்டும்.